கடிதம் படித்துச் சொன்ன ஆச்சி வள்ளல் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில் ஆச்சி ஒருவர் காலமான செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். ஒரு சிற்றூரின் மூதாட்டிக்குப் படத்துடன் இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அச்செய்திக்கு ‘ஏழை மக்களுக்கு வாரி வழங்கிய வள்ளல் ஆச்சி’ என்று தலைப்பு இட்டிருந்ததும், பல குடும்பங்களுக்கு அவர் பண உதவி செய்து கரையேற்றினார் என்று உள்ளே எழுதியிருந்ததும் சரியல்ல. அவரிடம் வாரி வழங்க எதுவும் இருந்ததில்லை. பெயரைத் தாங்கள் அச்சிட்டுவிட்டீர்கள். நான் ஊர் அழைத்தபடி ஆச்சி என்றே எழுதுகிறேன்.

தவறு எப்படி நேர்ந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. கேதம் கேட்க வந்த பெண்களில் பலர், “எங்க குடும்பத்தைக் காப்பாத்தி விட்ட மகராசி” என்று சொல்லி அழுதார்கள். அதைக் கேட்ட தங்கள் செய்தியாளர், செட்டிநாட்டில் பெரிய வீடு, ஆச்சி என்றால் செல்வம், காப்பாற்றினார் என்றால் பணம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். எங்கள் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் செய்கிற கணக்குதான் இது. பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துப் போகிறவர்கள், அந்தத் தூண்களுக்கு நடுவே வடகம் காயவைத்துப் பிழைத்தவர்களை எடுப்பதில்லை.

அந்த வீடு எட்டுப் பங்காளிகளுக்குப் பொது. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகளில் ஆச்சிக்கு உரியது ஒன்றே ஒன்று. மற்றப் பங்குகளின் கதவுகள் சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் பூட்டுகளோடு நின்றன. அவர்கள் பொங்கலுக்கும் முன்னோருக்கு இடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். ஆச்சி ஆண்டு முழுவதும் விளக்கேற்றிக்கொண்டு அங்கே இருந்தார். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை என்று சொல்லிவைத்தவர்களுக்குப் பலகாரம் செய்து கொடுத்தும், பனையோலைக் கூடையான கொட்டான் முடைந்து கொடுத்தும் வந்த வருமானத்தில்தான் அவர் சோறு நடந்தது. கைம்பெண்ணானதும் பங்காளி வழியில் பிள்ளை கூட்டிக்கொண்டார், அதாவது தத்தெடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை நல்லவர், மாதாமாதம் தம்மால் முடிந்ததை அனுப்பினார். அவ்வளவே அவருடைய சொத்துக்கணக்கு.

அப்படியானால் எங்கள் ஊர்ப் பெண்கள் எதற்காக அழுதார்கள்? நான் 1974-இல் இவ்வூரின் கிளை அஞ்சலகத்தில் இ.டி. (துறையின் நிரந்தரப் பணியில் சேராத, பகுதிநேர) ஊழியனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கடிதப் பையோடு இந்தத் தெருக்களில் நடந்தவன் என்பதால், இதற்குப் பதில் சொல்லும் கடமை மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். ஆச்சி கடிதம் படித்துச் சொல்பவர்; கேட்டதை எழுதியும் கொடுப்பவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், படிக்கத் தெரியாத பெண்களின் வீடுகளுக்கு வந்த கடிதங்கள் அனேகமாக எல்லாமே அவர் கை வழியாகத்தான் போயின. அவற்றில் ஒரு வரியையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பகுதியின் பழைய நிலை தெரிந்திருக்க வேண்டும். செட்டிநாடு வெளிநாட்டுப் பணத்தால் எழும்பிய நாடு என்று எல்லாரும் அறிவார்கள். கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் வட்டித்தொழிலும் வணிகமும் செய்யப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பி, சில மாதங்கள் இருந்து, மறுபடியும் கப்பலேறிய காலம் அது. முதலாளிகள் மட்டும் போகவில்லை. கடையை நடத்தும் மேலாட்களும், அவர்களுக்கு உதவியான அடுத்தாட்களும், கடையில் எடுபிடியாகத் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களும் போனார்கள். பிற சமூகத்தவர் தோட்ட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் ரஜுலா போன்ற கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பிறகு வளைகுடா நாடுகள் வந்தன. ஆண்கள் போய்க்கொண்டே இருந்த ஊரில் பெண்களுக்குக் கடிதம் ஒன்றே புருஷன். அதைப் படிக்கவோ அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆச்சி 1933-இல் பிறந்தவர். அவருடைய தந்தை பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. அடுத்த ஆண்டு மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போயிற்று. கடிதம் நின்றது. நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்களிடம் ஊர் ஊராகச் சென்று விசாரித்தும் அவர் தந்தையைப் பற்றி ஒரு சேதியும் கிடைக்கவில்லை. தாயார் கடைசியாக வந்த கடிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த பையன் யாராவது கண்ணில் பட்டால் கூப்பிட்டு மறுபடியும் படிக்கச் சொல்வாராம். அந்தக் கடிதத்தில் சில கடன் விவரங்கள் இருந்தன. அவை ஊருக்கெல்லாம் தெரிந்துபோய், கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கிய பிறகுதான், பையன்களைக் கூப்பிடுவதைத் தாயார் நிறுத்தினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்ட மகள், அதன் பிறகு கையெழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அந்த ஒரே கடிதத்தை வைத்துத்தான்.

அவருக்கும் கணவர் மலாயாவில்தான். ஈப்போவில் வேலை பார்த்த அவர் 1957-இல் அங்கேயே இறந்துபோனார். தந்தி ஆங்கிலத்தில் வந்தது. தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் உடனே அகப்படாமல், அந்தக் காகிதம் மூன்று வீடுகளுக்குப் போய்விட்டு நான்காவதாக உரிய வீட்டுக்கு வந்தது. 24 வயதுப் பெண்ணுக்குத் தாம் கைம்பெண்ணான சேதி தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சி இதை என்னிடம் சொன்னபோது குரலில் வருத்தம் இல்லை, இன்னும் ஆறாத கோபம் இருந்தது. ஆங்கில எழுத்துகளை அவர் பள்ளிப் பிள்ளைகளின் முதல் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்றது அதற்குப் பிறகு. தந்தியைப் படிக்கும் அளவுக்குக் கற்றார். அதற்குமேல் தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

இனி அவர் படித்துச் சொன்ன முறையைச் சொல்ல வேண்டும். பெண்கள் மதியத்துக்கு மேல் வருவார்கள். அக்காலத்தில் அந்த மாதிரி வீடுகளுக்குள் யார் எந்த வாசல்வரை வரலாம் என்பதற்கு ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சிலர் முகப்போடு நிற்க வேண்டும், சிலர் பின்கட்டு வழியாகத்தான் வர வேண்டும். ஆச்சி சட்டத்தோடு சண்டை போடவில்லை. தாமே எழுந்துவந்து வெளித்திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். திண்ணை எல்லாருக்கும் பொது. ஆகவே அவருக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாயிற்று. பங்காளி வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அதற்கு அவர், உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று ஒரே காரணத்தைப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்.

வெளிநாட்டிலிருந்து வரும் மடிப்புக் கடிதமான ஏரோகிராமோ நீலநிற உள்நாட்டுக் கடிதமோ, அதன் ஓரத்தை அவர் நகத்தால் கிழித்துப் பார்த்ததில்லை. மடிப்பின் உட்புறத்திலும் ஆட்கள் எழுதியிருப்பார்கள், கிழித்தால் எழுத்துப் போய்விடும். கொட்டான் முடையும் ஊசியை ஓரத்தில் விட்டு மெல்லப் பிரிப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உதடு அசையாமல் ஒருமுறை முழுவதும் படிப்பார். எதிரே இருப்பவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது முறைதான் வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் படிப்பார். இடையில் “சாப்பிட்டியா ஆத்தா?” என்று கேட்பது அவர் வழக்கம். தொடக்கத்தில் கெட்ட சேதியாக இருந்தால் மட்டும், வெறும் வயிற்றோடு கேட்டு மயங்கி விழக்கூடாது என்பதற்காக, இப்படிக் கேட்டாராம். பெண்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆச்சி சாப்பிட்டாயா என்றாலே நெஞ்சு வெடிக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அன்று முதல் எந்தக் கடிதமானாலும், குழந்தை பிறந்த சேதியானாலும், மாமன் சண்டை போட்டுக்கொண்ட சேதியானாலும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டே படித்தார். சாப்பிடாதவர்களுக்கு நீராகாரமும் ஊறுகாயும் உள்ளேயிருந்து வரும். தங்கள் செய்தியில் ‘அன்னதானம்’ என்று வந்தது ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

என் வேலையோடு நேராகத் தொடர்புடைய ஒன்றையும் சொல்ல வேண்டும். மணியார்டர் பெறுகிறவருக்குக் கையெழுத்துத் தெரியாவிட்டால் கைநாட்டு வைப்பார். அதற்குப் பக்கத்தில் எழுதத் தெரிந்த, அவரை அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எங்கள் ஊர்ப் படிவங்களில் அந்தச் சாட்சி பெரும்பாலும் ஆச்சிதான். அவர் கையெழுத்துப் போடும் முன் பணத்தைப் பெறுகிறவள் கையில் கொடுத்து, ஒவ்வொரு நோட்டாகத் திண்ணையில் வைத்து எண்ணச் சொல்வார். எண்ணத் தெரியாதவளுக்கு நிறத்தை வைத்து நோட்டுகளைச் சொல்லிக்கொடுப்பார். அப்புறம் படிவத்தின் அடியில் உள்ள கூப்பனைப் படித்துச் சொல்வார். “இந்த மாதம் இவ்வளவுதான் முடிந்தது, வட்டிக்காரனுக்குப் பாதி கொடு” என்பது போல இரண்டு வரி அதில் இருக்கும். மணியார்டர் கொண்டுவருகிறவருக்கு ஒன்றோ இரண்டோ கொடுப்பது என்று சில ஊர்களில் அப்போது ஒரு மாமூல் இருந்தது. எங்கள் துறையில் இருந்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. அந்தத் திண்ணையில் அந்த மாமூலுக்கு இடம் இருக்கவில்லை. அவர் யாரையும் எதுவும் சொன்னதில்லை. எண்ணி முடித்த நோட்டுகளை அவளுடைய சுருக்குப்பைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

எழுதுவதிலும் ஒரு கண்டிப்பு இருந்தது. பிள்ளையார் சுழி, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சொல்கிறவளின் பேச்சு. திருத்த மாட்டார், அழகு படுத்த மாட்டார். கோபத்தில் ஒருத்தி வைதால் வைததையே எழுதுவார், எழுதி முடித்ததும் படித்துக் காட்டி, “இதுதானே, ஒட்டிடவா?” என்று கேட்பார். பாதிப் பேர் அந்த இடத்தில் வசவை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு ஒருமுறை சொன்னார். யார் என்பதைச் சொல்லவில்லை. ஆசை வார்த்தை எழுதச் சொல்ல எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நாக்கு எழும்பாது. அதற்கு ஆச்சி ஒரு வழி வைத்திருந்தார். கைக்குழந்தை இருந்தால், அதன் உள்ளங்கையைக் கடிதத்தின் காலி இடத்தில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவார். அடுத்த கடிதத்திலும் வரைவார். தகப்பன் அங்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிள்ளை வளர்ந்திருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், அப்படி வந்த கைகளை வரிசையாகக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்திருந்ததாக என்னிடம் சொன்னார். குழந்தையின் கை வரைந்த தாளில் எடை கூடிவிடுகிறதா என்று பார்க்கச் சொல்லி ஒருத்தி என்னைக் கேட்டதும் உண்டு.

இதில் எனக்கு எப்போதும் விளங்காமல் இருந்தது ஊரின் நடத்தைதான். பயணம் புறப்படுகிற நாளில் வெள்ளைச் சேலைக்காரி எதிரே வரக்கூடாது என்று ஆச்சியின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவார்கள். அதை அறிந்து அவரும் அன்று திண்ணைக்கு வர மாட்டார். போனவர் ஊர் சேர்ந்து எழுதுகிற முதல் கடிதம் மட்டும் அவரிடம்தான் வரும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதத்தையும் அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்; கல்யாணத்தில் அவர் முன்வரிசையில் நிற்கக் கூடாது. இது பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. எனக்குக் குறை உண்டு. அதை இந்தக் கடிதத்தில் பதிவு செய்வதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

அவருடைய வாய்க்கட்டு எல்லாருக்கும் பிடித்ததாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலத் தகராறு ஒன்றில், இறந்துபோன அண்ணன் கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்று சாட்சி சொல்ல ஊர்க்கூட்டத்துக்கு அழைத்தார்கள். “கடுதாசி அவுக வீட்டுல இருக்கு, கொண்டாந்து படிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஆச்சி போகவில்லை. கடிதம் கிடைக்காமல் தம்பி தோற்றார். அந்தக் குடும்பம் ஆச்சி வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நியாயம் வேறு பக்கம் போயிருக்கும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் மறுநாள் முதல் எந்தப் பெண்ணும் கடிதத்தோடு வந்திருக்க மாட்டாள் என்பதும் உண்மை. எது பெரியது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் அவர் இருந்தார், முடிவு செய்தார்.

கேத வீட்டில் நான் கேட்ட ஒன்றை, அதைச் சொன்னவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் நெல் அவித்துக் காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தவர். கணவர் வெளிநாட்டில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டதைக் கடிதத்தில் எழுதிவிட்டார். செலவுக்கு அனுப்புவதை நிறுத்த மாட்டேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். ஆச்சி அதைப் படித்துச் சொன்னார். அன்று மாலைவரை அவரைத் திண்ணையிலிருந்து எழுந்துபோக விடவில்லை. ஓலை கிழித்துக் கொடுக்கும் வேலையைக் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் மாமியார் தாமே எடுத்துக்கொண்டு வந்து, மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்பாராம். கடிதங்களில் ‘அம்மாவுக்கு’ என்று தனியாகச் சில வரிகள் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆச்சி அந்த வரிகளை மட்டும் மாமியாருக்குப் படித்துவிட்டு, “மிச்சம் உன் மருமகளுக்கு எழுதியிருக்கு” என்று மடித்துக் கொடுத்துவிடுவார். பொய் சொன்னதில்லை, சொல்லக் கூடாததைச் சொன்னதும் இல்லை. அந்த மாமியார் மகன் நல்லவன் என்ற நம்பிக்கையோடே கண்ணை மூடினார். மருமகள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். தங்கள் செய்தியில் ‘பல குடும்பங்களைக் காப்பாற்றினார்’ என்று வந்ததற்குப் பொருள் இது போன்றவைதான். இதில் எங்கும் ரூபாய் இல்லை.

தம்மையே நம்பி இருக்கும்படி அவர் யாரையும் விட்டதும் இல்லை. எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தையும் கூடவே சைக்கிளையும் கற்றுக்கொண்டதைத் தங்கள் வாசகர்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எல்லைக்கு அப்பால் கட்டிக்கொடுத்த பெண்கள் ஊருக்கு வரும்போது தங்கள் பெயரைக் கரித்துண்டால் சுவரில் எழுதிக் காட்டினார்கள். அதைப் பார்த்த ஆச்சி, அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது, திண்ணையில் மாலை நேரத்தில் விளக்கு வைத்துத் தாமே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. அவரவருக்கு வந்த கடிதத்தையே பாடப் புத்தகமாக வைத்தார். தம் தாயாரின் கடிதத்தில் தாம் கற்ற வழி அது. கணவன் எழுதிய தன் பெயரை முதலில் அடையாளம் கண்டுபிடிப்பது, பிறகு பிள்ளைகளின் பெயர், பிறகு ‘நலம்’. சில ஆண்டுகளில் மணியார்டர் படிவங்களில் கைநாட்டு குறைந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு ஆச்சியைத் தேடிப் போகிற வேலை எனக்கும் குறைந்தது.

அதன் பிறகு தொலைபேசிப் பூத்து வந்தது, கைப்பேசி வந்தது, 2013 ஜூலையோடு தந்தியும் போயிற்று. கடிதம் என்றால் வங்கியும் நீதிமன்றமும் அனுப்புவது என்றாகிவிட்டது. இப்போது பேருந்தில் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டு வருகிறார்கள். யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது காரைக்குடி வருவதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதைப் பற்றி ஆச்சியிடம் சொன்னபோது, “அவுக கடுதாசிய அவுகளே படிக்கிறாக, விடுங்க தம்பி” என்றார்.

கடைசியாக ஒன்று. சில பெண்கள் வீட்டில் வைக்க அஞ்சிய கடிதங்களை ஆச்சியிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். தகரப் பெட்டி ஒன்றில் அவை இருந்தன. ஒவ்வொரு கட்டையும் அவரவர் கொடுத்த பழஞ்சேலைத் துணிக் கிழிசலில் சுற்றி வைத்திருந்தார், பெயர் எழுதவில்லை. எது யாருடையது என்று துணியைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். பழைய உறைகளில் மாவட்டத்தின் பெயர் இன்னும் ராமநாதபுரம் ஜில்லா என்றே இருந்தது. படுக்கையில் விழுவதற்கு முந்திய மாதங்களில் உரியவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உரியவர் இல்லாமல்போன கட்டுகள் சில மிஞ்சின. எங்கள் பகுதியில் ஆய்வு செய்துவந்த ஒரு பேராசிரியர் அவற்றைக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பழைய நூல்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடித் தேடிச் சேர்த்து வைத்ததால்தான், 1992-இல் அவர் மறைந்த பிறகு சென்னையில் அவர் பெயரில் அமைந்த நூலகத்தில் இன்று உலகம் முழுவதிலுமிருந்து வந்து படிக்கிறார்கள். வீடுகளை இடிக்கும்போது பெட்டி பெட்டியாகக் கடிதங்கள் எடைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில், அப்படி ஒரு சேமிப்பு பெண்களின் கடிதங்களுக்கும் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆச்சி இணங்கவில்லை. தம்முடையதாக இருந்தால் கொடுத்திருப்பேன், இவை தம்முடையவை அல்ல என்றார். தம் கணவரின் கடிதங்களை அந்தப் பேராசிரியரிடமே எடுத்துக் கொடுத்தார். மற்றவற்றை அடுப்பில் இடச் சொன்னார், இட்டார்கள். வரலாற்றுக்கு அது நட்டம்தான். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளில் இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் வருந்தினார், ஒருவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் அன்புகூர்ந்து, அந்தச் செய்தியில் வந்த ‘வள்ளல்’ என்ற சொல்லையும் பண உதவி பற்றிய வரிகளையும் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிற உறவினர்களில் சிலர், செய்தியைப் படித்துவிட்டு, ஆச்சி யாருக்கு எவ்வளவு கொடுத்தார், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவருக்கு இது தேவையற்ற சங்கடம். மேலும் ஆச்சியின் வயது 85 என்று அச்சாகியிருந்தது, 92 என்பதே சரி. படம் அவருடையதுதான், மூக்குக்கண்ணாடி இல்லாமல் எடுத்தது என்பதால் ஊரில் பலருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியோடு உள்ள படம் ஒன்றை அவர் மகனிடம் கேட்டு வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன்; குறிப்பு வெளியிடும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற கிராம அஞ்சல் ஊழியர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.